டிரெய்லர் சிங்க்கில் சுடுதண்ணீர் சீக்கிரம் வர எந்த வழி நல்லது?

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவ நிற்கும்போதுதான் இந்தக் குறை உறுத்தும். ஹீட்டரைப் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதன் தொட்டியில் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஆனால் சிங்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும், வந்துகொண்டே இருக்கும். வீட்டில் என்றால் அந்தக் கால் நிமிடத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான டிராவல் டிரெய்லரில் அப்படி விட முடியாது. வீணாக ஓடும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு பக்கமும் நட்டம்: நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒரு லிட்டர் குறைகிறது, கழிவுத் தொட்டியில் ஒரு லிட்டர் ஏறுகிறது. தண்ணீர் இணைப்பும் கழிவு இணைப்பும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால், அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வதே இந்த இரண்டு தொட்டிகள்தான்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சிலவற்றை என் டிரெய்லரில் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்ததுமே விட்டுவிட்டேன். ஹீட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் கேள்வி வேறு: குழாயில் ஏற்கெனவே தேங்கி நிற்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை எங்கே அனுப்பப் போகிறோம்?

முதலில் அளந்து பாருங்கள்

காலையில் எழுந்ததும், யாரும் குழாயைத் தொடுவதற்கு முன், ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பிறகு ஒரு லிட்டர் அளவுக் குடுவையையும் சமையலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு சிங்க் முன்னால் நில்லுங்கள். சுடுதண்ணீர்ப் பக்கத்தை மட்டும் முழுதாகத் திறந்து, எத்தனை மில்லி பிடித்த பிறகு 45 டிகிரி வருகிறது என்று பாருங்கள். எனக்கு 700 மில்லி வரை சுத்தமான பச்சைத் தண்ணீர். அப்புறம் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பு. 1.1 லிட்டர் தாண்டிய பிறகுதான் 45 டிகிரி.

இந்த எண்கள் சும்மா வருவதில்லை. டிரெய்லர்களில் பெரும்பாலும் போடுவது பெக்ஸ் (PEX) எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய், அரை இன்ச் அளவில். அதன் உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 114 மில்லி தண்ணீர் பிடிக்கும். ஹீட்டரிலிருந்து சிங்க் வரை குழாய் 6 மீட்டர் ஓடினால் உள்ளே நிற்பது 700 மில்லி. அது வெளியேறியதும் உடனே சூடு வந்துவிடாது. குழாயின் பிளாஸ்டிக்கும் வழியில் இருக்கும் பித்தளை இணைப்புகளும் முதலில் வரும் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் குழாயின் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு நடைமுறைக்குக் கிட்டத்தில் வரும்.

ஒரு நாளைக்கு எட்டு முறை சுடுதண்ணீருக்காகக் குழாயைத் திறக்கிறோம் என்று வையுங்கள். எட்டு லிட்டருக்கு மேல் வீண். ஐந்து நாளில் 40 லிட்டர். 150 லிட்டர் தொட்டி உள்ள வண்டியில் இது கால் பங்குக்கும் அதிகம்.

சரி, நீங்கள் அளந்தது கணக்கைவிட எக்கச்சக்கமாக இருந்தாலோ, எவ்வளவு நேரம் விட்டாலும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றாலோ, பிரச்சினை தூரம் அல்ல. எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. இதற்கு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம், தேடிப் பிடித்தால் போதும். முதல் சந்தேகம் ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் பைபாஸ் வால்வு, அதாவது ஹீட்டருக்குள் விடாமல் தண்ணீரைச் சுற்றி அனுப்பும் வால்வு. குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைக்கும்போது திருப்பியதை முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் விட்டிருப்போம். பாதி திறந்திருந்தாலே ஒரு பங்கு தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் நேராகச் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் வந்துவிடும். அடுத்தது வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் ஷவர். அதன் கைப்பிடியில் உள்ள பட்டனை மட்டும் அடைத்துவிட்டு, பின்னால் உள்ள இரண்டு திருகுகளையும் திறந்தபடியே விட்டால், சூடும் குளிரும் அங்கே ஒன்றோடொன்று கலந்து வண்டி முழுக்கப் பரவும். மூடிக்குள் மறைந்திருப்பதால் யாருக்கும் கண்ணில் படாது.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பைபாஸை அடைத்துவிட்டு, ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வையும் அடையுங்கள். இப்போது சிங்க்கில் சுடுதண்ணீர்ப் பக்கத்தைத் திறந்தால் கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ கலப்பு இருக்கிறது என்று அர்த்தம். சோதனை முடிந்ததும் ஹீட்டர் வால்வை மறக்காமல் திறந்துவிடுங்கள். கூடவே சிங்க் குழாய் முனையில் இருக்கும் சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். உப்பு படிந்து அடைத்திருந்தால் தண்ணீர் நூலாக வரும். அதே ஒரு லிட்டர் வெளியேற இரண்டு மடங்கு நேரம் ஆகும். வினிகரில் ஊறப்போட்டால் போய்விடும்.

ஹீட்டரை மாற்றுவது ஏன் உதவாது

தொட்டியில்லாத கேஸ் ஹீட்டரை 'உடனடி' ஹீட்டர் என்று விற்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி மாற்றியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அது தீராமல் சுடுதண்ணீர் தரும், சீக்கிரம் தராது. குழாயின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. தேங்கிய 700 மில்லியும் அப்படியே. அதற்கு மேல், தண்ணீர் ஓடுகிறது என்று ஹீட்டர் உணர்ந்து, விசிறி சுற்றி, தீப்பொறி போட்டுப் பற்றவைக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் குழாய்க்குள் நுழைந்துவிடும்.

பாத்திரம் கழுவும்போது இன்னொரு தொல்லை. நாம் குழாயைக் கொஞ்சமாகத் திறப்போம், மூடுவோம், திரும்பத் திறப்போம். இந்த ஹீட்டர்களுக்கு ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும்; அதற்குக் கீழே போனால் பற்றாது. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் நடுவில் ஒரு துண்டு குளிர்ந்த தண்ணீர் வரும். நீண்ட குளியல் போடுகிற குடும்பத்துக்கு இது நல்ல சாமான். சிங்க்குக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள்.

சிங்க்குக்குக் கீழே வைக்கும் தொட்டியில்லாத மின் ஹீட்டரை ஒரே கணக்கில் தள்ளிவிடலாம். 3,500 வாட் எடுக்கும் ஒன்று, தண்ணீரை 25 டிகிரி சூடேற்றினால் நிமிடத்துக்கு 2 லிட்டர்தான் தரும். 30 ஆம்ப் இணைப்புள்ள டிரெய்லருக்கு 120 வோல்ட்டில் மொத்தமாகக் கிடைப்பதே 3,600 வாட். கை கழுவ ஏசியை அணைத்து, மைக்ரோவேவை அணைத்து, ஃபிரிட்ஜை கேஸுக்கு மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

சிங்க்குக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி

இது வேறு விஷயம். 10 லிட்டர் அளவுள்ள சிறிய மின் ஹீட்டர்கள் கிடைக்கின்றன. வழக்கமாக 1,440 வாட் எடுக்கும், அதாவது 12 ஆம்ப். இதைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் இணைக்காமல், பெரிய ஹீட்டரிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயில் தொடராக இணைப்பதுதான் சூட்சுமம். திறந்த மறு விநாடியே சின்னத் தொட்டியில் இருக்கும் வெந்நீர் வரும். குழாயில் தேங்கிய முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் போய்க் கலக்கும். 60 டிகிரியில் இருக்கும் 10 லிட்டரோடு 20 டிகிரித் தண்ணீர் முக்கால் லிட்டர் சேர்ந்தால் மூன்று டிகிரிதான் குறையும். கைக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பின்னால் பெரிய ஹீட்டரின் சூடு வந்து சேர்ந்துவிடும்.

காத்திருப்பே இல்லாத வழி என்றால் இது ஒன்றுதான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில், மின் இணைப்போடு தங்குபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் மின் இணைப்பு இல்லாத இடத்தில் இது வெறும் சுமை. 10 லிட்டரை 40 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 465 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 39 ஆம்ப்-மணி. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். 100 ஆம்ப்-மணி பேட்டரி ஒன்றோடு ஓட்டுபவருக்கு இது கட்டாது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் இடமும் போய்விடும், தண்ணீரோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோ எடையும் கூடும். பெரிய ஹீட்டரையும் மின்சாரத்தில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து 2,880 வாட். ஏசிக்கு மிச்சம் இருக்காது. அதனால் பெரியதை கேஸில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்களில் சமரசம் கூடாது. அழுத்தமும் வெப்பமும் மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வின் வடிகால் குழாய் வண்டிக்கு வெளியே போக வேண்டும், அலமாரிக்குள் அல்ல. தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்ச் போடவே கூடாது. தண்ணீர் இல்லாமல் சூடானால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும்.

குழாயையே குறுக்குவது

எனக்கு மனசுக்குப் பிடித்த வழி இதுதான். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை. டிரெய்லரில் சுடுதண்ணீர்க் குழாய் நேராகப் போவதில்லை. ஹீட்டரிலிருந்து கிளம்பி, குளியலறை ஷவருக்குக் கிளை விட்டு, வாஷ்பேசினுக்குக் கிளை விட்டு, படுக்கைக்கு அடியில் வளைந்து கடைசியில்தான் சமையல் மேடைக்கு வரும். நேர்க்கோட்டில் நாலு மீட்டர் தூரம், குழாயில் ஏழு மீட்டர் ஆகியிருக்கும்.

ஹீட்டரிலிருந்து சிங்க்குக்கு மட்டும் தனியாக, நேர் வழியில், 3/8 இன்ச் பெக்ஸ் குழாய் ஒன்றை இழுத்தால் என்ன ஆகும்? அந்தக் குழாயில் மீட்டருக்கு 62 மில்லிதான் பிடிக்கும். நாலு மீட்டருக்குக் கால் லிட்டர். ஏழு மீட்டர் அரை இன்ச் குழாயில் நின்ற 800 மில்லியோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. சூடேற்ற வேண்டிய பிளாஸ்டிக்கும் குறைவு. சின்னக் குழாயில் தண்ணீர் போதாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தாராளமாகப் போகும், சிங்க்குக்கு அது போதும். ஷவரைப் பழைய குழாயிலேயே விட்டுவிடுங்கள்.

தடை என்னவென்றால் வழி. குழாய் அலமாரிகளுக்குள்ளும் சோபாவுக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடினால் இது ஒரு மதியத்து வேலை. தரைக்குக் கீழே, அடிப்பக்கத் தகட்டுக்குள் மூடி ஓடுகிறது என்றாலோ, சமையல் மேடை வெளியே தள்ளிக்கொள்ளும் பகுதியில் இருக்கிறது என்றாலோ விஷயம் வேறு. நகரும் பகுதிக்கு வளையும் குழாயும் அதற்கான இடமும் வேண்டும். அடித்தகட்டை அறுத்துத் திறப்பதை நான் யாருக்கும் லேசாகச் சொல்ல மாட்டேன். என் வண்டி அந்த ரகம். அதனால்தான் மனசுக்குப் பிடித்தும் இதைச் செய்யவில்லை.

குழாய்க்கு ஃபோம் உறை போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முதல் சுடுதண்ணீரைச் சீக்கிரம் கொண்டுவராது. ஆனால் வந்த சூட்டைத் தக்கவைக்கும். உறையில்லாத அரை இன்ச் குழாயில் நிற்கும் வெந்நீர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். உறை போட்டால் அரை மணி நேரம் வரை தாங்கும். சமைத்துக்கொண்டே இடையிடையே கை கழுவுபவர்களுக்கு இது நல்ல வித்தியாசம். எட்டும் இடத்தில் எல்லாம் போட்டுவிடுங்கள்.

தண்ணீரைத் திருப்பி அனுப்புவது

கடைசியில் நான் செய்தது இது. சிங்க்குக்கு அடியில், சுடுதண்ணீர்க் குழாய் மேலே ஏறும் இடத்தில் மூன்று வாயுள்ள ஒரு டீ (T) இணைப்பு. அதிலிருந்து ஒரு 12 வோல்ட் சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறக்கும் வால்வு. வால்விலிருந்து நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சின்னக் குழாய். மேடை ஓரத்தில் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் வால்வு திறக்கும். அழுத்தம் குறைந்ததும் வண்டியின் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். தேங்கிய பச்சைத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்கே திரும்பிப் போகும். கையை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர்.

நேரமும் கொஞ்சம் மிச்சம். சிங்க் முனையில் இருக்கும் சல்லடையும் சின்ன வாயும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. இந்த வழியில் அந்தத் தடை இல்லை. என் வண்டியில் பத்து, பன்னிரண்டு விநாடி பிடித்தால் போதும். தட்டுகளை வழித்துப் போட்டுக்கொண்டே ஒரு கையால் பட்டனைப் பிடித்திருப்பேன். டீ இணைப்புக்குப் பக்கத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்தால் குளிர், குளிர், திடீரென்று சூடு. அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவேன். ஒரு சொட்டும் வீணாவதில்லை.

வால்வு வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குடிநீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் திரும்பவும் நம் தொட்டிக்குத்தான் போகிறது. மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். 60 டிகிரிச் சூட்டைத் தாங்க வேண்டும். தொட்டியில் சேர்க்கும் இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். நிரப்பும் குழாயிலோ காற்றுப் போக்கியிலோ டீ இணைப்பு போட்டுச் சேர்க்கலாம்.

நான் பட்ட அனுபவம் ஒன்று. பொருத்திய மூன்றாம் நாள் ராத்திரி, யாரும் தண்ணீர் எடுக்காதபோதே பம்ப் இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும். கசிவு எங்கே என்று டார்ச் அடித்து எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரமே இல்லை. காலையில் வால்வைக் கழற்றினால், குழாயை அறுத்தபோது விழுந்த ஒரு பெக்ஸ் சீவல், நகக்கண் அளவுகூட இல்லாதது, வால்வின் வாயில் உட்கார்ந்திருந்தது. அது முழுதாக மூடாமல், தண்ணீர் சத்தமில்லாமல் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வால்வுக்கு முன்னால் கையால் திருப்பும் ஒரு பால் (ball) வால்வையும் சேர்த்தேன். சோலனாய்டு மாட்டிக்கொண்டால் அதை அடைத்துவிட்டுத் தூங்கலாம். குழாயை ரம்பத்தால் அறுக்காமல் அதற்கான கத்தரியால் வெட்டுங்கள். இணைப்பதற்கு முன் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

வெளியிலிருந்து தண்ணீர் இணைப்பு கொடுத்திருக்கும்போது கவனம் வேண்டும். அப்போதும் பட்டன் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் புதிதாகத் தொட்டிக்குள் ஏறும். தொட்டி நிறைந்திருந்தால் வண்டிக்கு அடியில் வழியும். அங்கெல்லாம் நான் தொட்டியைப் பாதியில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பம்ப்புக்கு மாற்றி அதைச் செலவழித்துவிடுவேன். குளிர்காலத்துக்கு வண்டியை மூடி வைக்கும்போது இந்தத் திரும்பும் குழாயையும் காற்றடித்துக் காலி செய்ய வேண்டும். மறந்தால் உறைந்து வால்வு வெடித்துவிடும்.

மின்சாரமே வேண்டாம் என்பவர்கள் சோலனாய்டு இல்லாமல் அந்தப் பால் வால்வை மட்டும் வைத்து இதையே செய்யலாம். திறந்து, பத்து எண்ணி, மூட வேண்டும். மூட மறந்தால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தமே நினைவுபடுத்திவிடும். புது வண்டியோ புது ஹீட்டரோ வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ட்ரூமாவின் அக்வாகோ கம்ஃபர்ட் ப்ளஸ் போன்ற மாடல்களில் வெந்நீரைச் சுற்றவிடும் ஏற்பாடு ஹீட்டரோடு சேர்ந்தே வருகிறது. அதற்கும் திரும்பும் குழாய் ஒன்று இழுத்தாக வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்க்குக்கு அடியிலேயே சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் ஒரு குட்டிப் பம்ப்பால் இணைத்துச் சுற்றவிடுவதும் உண்டு. தொட்டிக்குக் குழாய் இழுக்க வழியே இல்லாதவர்களுக்கு அது சரி. ஆனால் அதன் பிறகு குடிக்கத் தண்ணீர் பிடித்தால் முதல் டம்ளர் வெதுவெதுப்பாகத்தான் வரும். எனக்கு அது ஒத்துவராது.

கெட்டிலும் ஒரு வழிதான்

வருடத்துக்கு நாலைந்து வாரக் கடைசிகள் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர் எதையும் அறுக்க வேண்டியதில்லை. சிங்க் பக்கத்தில் ஒரு குடுவை வைத்து, முதலில் வரும் பச்சைத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது குடிக்க, சமைக்க, பல் துலக்க ஆகும். பாத்திரம் கழுவ இரண்டு லிட்டரை அடுப்பில் கொதிக்க வைத்து, ஒரு தொட்டிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரோடு விளாவிக்கொண்டால் ஒரு வேளைப் பாத்திரம் முழுக்க முடிந்துவிடும். ஹீட்டரைப் போடவே வேண்டாம். ஆறு கேலன், அதாவது கிட்டத்தட்ட 23 லிட்டர் தண்ணீரை நாலு தட்டுக்காகச் சூடேற்றும் கேஸும் மிச்சம். என் பட்டன் வருவதற்கு முன் இரண்டு வருடம் நாங்கள் இப்படித்தான் ஓட்டினோம். இன்றைக்கும் குளிர் அதிகமான காலையில், தரைக்கு அடியில் ஓடும் குழாய் சில்லிட்டுக் கிடக்கும்போது, பட்டனைவிடக் கெட்டில்தான் முந்திக்கொள்கிறது.